பமுக்கலே: முதலில் நகரம், பிறகு வெள்ளைப் படிகள் – ஒரு முழுமையான வழிகாட்டி

பமுக்கலேக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. படத்தில் பார்த்தது வேறு என்பார்கள். வானத்தின் நீலம் தளும்பும் கிண்ணங்கள் அடுக்கடுக்காக இறங்கும் அந்தப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். நேரில் போனால் அந்தக் கிண்ணங்களில் பெரும்பாலானவை காய்ந்து கிடக்கும். உங்களை இறங்க விடும் குளங்களோ ஒரு பழைய தார்ச்சாலையின் மேல் மனிதர்கள் கட்டியவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே ஏமாற்றம் இல்லை. இரண்டு நாள் பார்த்தாலும் தீராத அளவுக்கு அந்த மலைமேல் விஷயம் இருக்கிறது.

துருக்கியின் தென்மேற்கில், டெனிஸ்லி நகருக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது பமுக்கலே. ‘பமுக்’ என்றால் பருத்தி, ‘கலே’ என்றால் கோட்டை. (நம் பழைய ஆவணங்களில் கோட்டைத் தலைவரைக் ‘கில்லேதார்’ என்பார்களே, அந்தக் ‘கில்லா’வும் இந்தக் ‘கலே’யும் ஒரே அரபுச் சொல்லின் பேரப்பிள்ளைகள்.) மலைச்சரிவில் வழிந்து இறுகிய வெள்ளைச் சுண்ணாம்புப் படிகளுக்குத்தான் அந்தப் பெயர். படிகளுக்கு மேலே, சமதளத்தில், ஹியராபோலிஸ் என்ற கிரேக்க-ரோமானிய நகரம் இடிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தே 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் படிகளில் இரண்டு மணி நேரம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். என் யோசனை நேர் எதிர்: நகரத்தை முதலில் பாருங்கள், படிகளைக் கடைசிக்கு வையுங்கள்.

தண்ணீர் எப்படிக் கல்லாகிறது?

போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியிலும், கீசர் கம்பியிலும், குழாய் முனையிலும் வெள்ளையாக ஏடு கட்டுமே, அதேதான். கரியமில வாயு கலந்த நிலத்தடி நீர், சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு, பூமியின் சூட்டில் சூடேறி, பாறைப் பிளவு வழியாக மேலே வருகிறது. இந்தப் பகுதி ஊற்றுகளின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸிலிருந்து 100 வரை போகும். படிகளுக்கு வருவது 35, 36 டிகிரி. வெளிக்காற்று பட்டதும், சோடா பாட்டிலைத் திறந்தால் காற்று கிளம்புவதுபோல, கரியமில வாயு பறந்துவிடுகிறது. அதன் தயவில் கரைந்திருந்த சுண்ணாம்பு அதற்கு மேல் கரைந்திருக்க முடியாமல் படிகிறது. படியும்போது கூழ்போல மெத்தென்று இருக்கும். நாளாக நாளாகக் கல்லாகும். டிராவர்டைன் என்பது இந்தக் கல்லின் பெயர்.

காவலாளிகள் ஏன் இவ்வளவு விசில் ஊதுகிறார்கள் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கூழாக இருக்கும்போது ஒரு செருப்புத் தடம் பட்டால் போதும், அந்த இடம் நசுங்கிப் போகும். தண்ணீர் ஓடாத படிகள் வெயிலில் பழுப்பாகின்றன. விடாமல் ஓடினாலோ பாசி பிடித்துப் பச்சையாகிறது. அதனால் வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, இன்று இந்தப் பக்கம் நாளை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றித் திருப்பிவிடுகிறார்கள். நீங்கள் போகும் நாளில் எந்தப் பக்கத்துக்கு முறை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

1960களில் இந்த மலையுச்சியிலேயே, இடிபாடுகளின் மேலேயே, ஹோட்டல்கள் கட்டினார்கள். ஊற்றுநீரை இழுத்துத் தங்கள் நீச்சல் குளங்களை நிரப்பிக்கொண்டார்கள். வெள்ளைச் சரிவின் குறுக்கே வண்டிச் சாலையும் போட்டார்கள். 1990களில்தான் ஹோட்டல்களை இடித்துச் சாலையை மூடினார்கள். அந்தச் சாலைத் தடத்தில்தான் இன்று நாம் நடக்கும் சின்னக் குளங்கள் இருக்கின்றன. அவற்றின் மேலும் இப்போது சுண்ணாம்பு படிந்து, தெரியாதவர் கண்ணுக்கு இயற்கைபோலவே தெரிகிறது.

எப்போது, எத்தனை நாள்?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். வேலூர்க்காரருக்கு அது பெரிதல்ல என்று நினைக்கலாம். ஆனால் வெள்ளைக் கல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும், கல்லறைத் தோட்டத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடைப்பதும் அரிது. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆவி பறக்கும் காட்சி அழகு. ஆனால் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உச்சியில் வெதுவெதுவென்று இருக்கும் நீர் கீழே வர வர ஆறிப்போகும். ஈரக் கல் பாதத்தை விறைக்க வைக்கும்.

குறைந்தது ஓர் இரவு தங்குங்கள். இஸ்தான்புல்லிலிருந்தோ கடலோர ஊர்களிலிருந்தோ ஒரே நாளில் கூட்டிப்போய்த் திரும்பும் பயணங்களில் நேரம் முழுவதும் பேருந்தில் கழிகிறது. நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். வழியில் ஒரு தோல் கடையிலும் ஒரு ஓனிக்ஸ் கல் கடையிலும் நிறுத்திய நேரம், மலைமேல் எங்களுக்குக் கொடுத்த நேரத்தைவிட அதிகம். கல்லறைகளை அன்று ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

போய்ச் சேருவது

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் – இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இணையத்திலேயே இ-விசா எடுத்துவிடலாம். இல்லையென்றால் விண்ணப்ப மையம் வழியாக ஸ்டிக்கர் விசா. அதற்குச் சில வாரங்களை ஒதுக்குங்கள். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடுமுன் துருக்கி அரசின் தளத்தை ஒரு முறை பாருங்கள்.

சென்னையிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேரடி விமானம் கிடையாது. தோஹா, துபாய், அபுதாபி வழியாகவோ, மும்பை, டெல்லி போய் மாறியோ போக வேண்டும். இஸ்தான்புல்லிலிருந்து டெனிஸ்லிக்கு மூன்று வழிகள். விமானம் என்றால் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் விமான நிலையம் சர்தாக் என்ற இடத்தில், டெனிஸ்லி நகரிலிருந்து 60 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது, அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரவுப் பேருந்து பத்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். துருக்கியில் தொலைதூரப் பேருந்துகள் நன்றாகவே இருக்கும், நடுவில் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். மூன்றாவது, எனக்குப் பிடித்தது: மேற்குக் கடற்கரை நகரான இஸ்மீர் வரை போய், அங்கிருந்து ரயில். பஸ்மானே நிலையத்தில் ஏறினால் செல்சுக் வழியாக டெனிஸ்லி ஐந்து மணி நேரம். செல்சுக்கில் இறங்கி, அதன் பக்கத்தில் இருக்கும் பழைய நகரமான எபேசுவைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே பாதையில் மூன்று மணி நேரத்தில் டெனிஸ்லி வந்துவிடலாம். அத்தி, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே வண்டி நிதானமாகப் போகும்.

டெனிஸ்லி பஸ் ஸ்டாண்டை அங்கே ‘ஓட்டோகார்’ என்பார்கள். ரயில் நிலையமும் எதிரிலேயே இருக்கிறது. ஓட்டோகாரின் கீழ்த்தளத்திலிருந்து பமுக்கலே போகும் சின்ன வேன் கிளம்பும், பெயர் ‘டோல்முஷ்’. ‘நிரம்பியது’ என்று பொருள். ஆள் நிரம்பினால் கிளம்பும் நம் ஷேர் ஆட்டோவின் தத்துவமேதான். முன்பக்கக் கண்ணாடியில் ‘பமுக்கலே–கராஹயித்’ என்று எழுதியிருக்கும். அரை மணி நேரத்துக்குள் ஊர். பேருந்திலிருந்து இறங்கும்போதே “பமுக்கலேயா? இலவச வண்டி இருக்கிறது, வாருங்கள்” என்று யாராவது பையைத் தூக்க வந்தால், சிரித்துவிட்டு நகருங்கள். அந்த வண்டி ஒரு ஏஜென்டின் மேசைக்கோ, அவருக்குத் தெரிந்த ஹோட்டலுக்கோதான் போகும்.

தங்குவதற்கு, வெள்ளை மலையின் அடிவாரத்தில் இருக்கும் பமுக்கலே கிராமமே போதும். குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. ஐந்து கி.மீ. வடக்கே கராஹயித், அங்கே ஊற்றுநீரில் இரும்புச்சத்து அதிகம், கல் துருநிறத்தில் சிவந்து கிடக்கும். வெந்நீர்க் குளம் உள்ள பெரிய ஹோட்டல்கள் அங்கே. மூட்டுவலிக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்கள் அதை யோசிக்கலாம்.

எந்த வாசல்?

இந்த ஒரு கேள்வியில்தான் உங்கள் நாள் நன்றாகப் போவதும் வீணாவதும் இருக்கிறது. மூன்று வாசல்கள் உண்டு.

கிராமத்து வாசல்: அடிவாரத்தில். நுழைந்ததும் செருப்பைக் கழற்றி, படிகள் வழியாக வெறுங்காலோடு மேலே ஏற வேண்டும். விடுதியிலிருந்து நடந்தே வரலாம் என்பதால் பலர் இதில் நுழைகிறார்கள். மேலே போவதற்குள் கால் ஓய்ந்து, நகரத்தைப் பார்க்கும் ஆசை போய்விடுகிறது.

தெற்கு வாசல்: மேல் தளத்தில். நீந்தும் பழங்காலக் குளம், அருங்காட்சியகம், வெள்ளைப் படிகளின் தலைப்பு எல்லாம் இங்கிருந்து கிட்டத்தில். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இதையே எடுங்கள். உள்ளே கட்டணத்துக்கு மின்வண்டியும் ஓடுகிறது.

வடக்கு வாசல்: கல்லறைத் தோட்டத்தின் தலைமாட்டில். இங்கே நுழைந்தால் நகரத்தின் நீளம் முழுவதையும் நடந்து கடந்து, கடைசியில் படிகள் வழியாக விடுதிக்கே இறங்கிவிடலாம். நடக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிராமத்திலிருந்து கராஹயித் போகும் டோல்முஷில் ஏறி, “குசெய் கப்பி” (வடக்கு வாசல்) என்று ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள். டாக்சியும் கிடைக்கும்.

கட்டணம் 2024இல் வெளிநாட்டவருக்கு 30 யூரோ. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 2,700 ரூபாய் அளவு. வலிக்கத்தான் செய்யும். எபேசு, அஃப்ரோடிசியாஸ் என்று பல பழைய நகரங்களுக்குப் போகிறவர்கள் மியூசியம் பாஸ் எடுத்தால் மிச்சமாகிறதா என்று கூட்டிப் பாருங்கள். சீட்டு ஒரு தடவை நுழைவதற்குத்தான், வெளியே போனால் போனதுதான். அதனால் தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் கையில் வேண்டும். செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை, வெயில் கண்ணாடி, தொப்பி, ஒரு சின்னத் துண்டு. இதைத் தவிர ஒன்றும் தேவையில்லை.

நேரம்: சூரியன் மறைவதற்கு ஐந்து மணி நேரம் முன்னால் நுழையுங்கள். ஜூனில் எட்டரைக்கு மறையும், மூன்றரைக்கு நுழையலாம். அக்டோபரில் ஆறரையை ஒட்டி மறையும், ஒன்றரைக்கே உள்ளே இருங்கள். வெள்ளைச் சரிவு மேற்குப் பார்த்தது. காலையில் அதன்மேல் மலையின் நிழல் விழும், மாலையில்தான் அதற்கு உயிர்.

கல்லறைகளின் தெரு

வடக்கு வாசலைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கல்லறைகள். 1,200க்கு மேல். வட்டமான மண்மேட்டுக் கல்லறைகள், வீடுபோலக் கூரை போட்டவை, வெறும் கல்பெட்டிகள் என்று ஏறக்குறைய இரண்டு கி.மீ. நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. வெந்நீரில் குளித்தால் நோய் தீரும் என்று நம்பி வந்தவர்களில் தீராதவர்களும் இங்கேதான் படுத்திருக்கிறார்கள் என்பார்கள். ஆனால் கல்வெட்டுகளைப் பார்த்தால் உள்ளூர் வியாபாரிகளும் நெசவுக்காரர்களும் சாயக்காரர்களும்தான் கண்ணில் படுகிறார்கள்.

அவர்களில் மூன்று பேரை மட்டும் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

ஃபிளாவியஸ் சியூக்சிஸ், வியாபாரி. கிரீஸின் தென்முனையில் இருக்கும் மாலியா முனை, கப்பல்களை விழுங்குவதில் பேர் போனது. அதைச் சுற்றிக்கொண்டு இத்தாலிக்கு 72 தடவை போய் வந்ததாகத் தன் கல்லறையில் எழுதிவைத்திருக்கிறார். வேறு எந்தப் பெருமையும் சொல்லிக்கொள்ளவில்லை. கடைசிவரை கணக்குப் பிள்ளையாகவே இருந்திருக்கிறார் மனிதர்.

அம்மியானோஸ். இவருடைய கல்பெட்டி மூடியில் ஓர் இயந்திரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்: நீர்ச்சக்கரம் சுழல, அந்தச் சுழற்சி முன்பின் அசைவாக மாறி, இரண்டு ரம்பங்கள் கல்லை அறுக்கின்றன. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுழலும் வளைதண்டும் இணைப்புத் தண்டும் சேர்ந்து வேலை செய்யும் இயந்திரத்துக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று இதுதான். இன்று மோட்டார் வண்டி எஞ்சினுக்குள் நடப்பது அந்த வேலையின் மறுபக்கம்: முன்பின் அசைவைச் சுழற்சியாக்குவது.

மூன்றாமவர் கிளைகோன், யூத மரபோடு தொடர்புள்ளவர். தன் கல்லறைக்கு ஆண்டுதோறும் மரியாதை செய்ய, ஊதாச் சாயக்காரர்கள் சங்கத்துக்கு ஒரு தொகை, கம்பள நெசவாளர் சங்கத்துக்கு ஒரு தொகை என்று முதலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் வட்டியில் புளிப்பில்லா அப்பப் பண்டிகையிலும், ரோமானியப் புத்தாண்டிலும், பெந்தெகொஸ்தே நாளிலும் காரியம் நடக்க வேண்டும். கோயிலில் நந்தா விளக்கு எரிக்கப் பொன்னும் ஆடும் முதலாக வைத்த நம் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் இங்கே ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பார்கள்.

சரிவின் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். வழிந்து வந்த சுண்ணாம்பு நீர் ஒரு கல்லறையைப் பாதிவரை விழுங்கியிருக்கும். வெள்ளைக் கல்லுக்குள் புதைந்த சுவரும் வெளியே தெரியும் கூரையுமாக நிற்கும் அதைப் பார்த்தால், இந்த ஊரில் தண்ணீர் யாரையும் விட்டுவைக்கவில்லை என்று தோன்றும்.

கல்லறைகள் முடியும் இடத்தில், இருபுறமும் வட்டக் கோபுரங்களோடு மூன்று வளைவு வாசல். கி.பி. 80களில், டொமிஷியன் பேரரசர் காலத்தில், ஆசிய மாகாண ஆளுநராக இருந்த ஃபிரான்டினஸ் கட்டியது. இவரே பின்னால் ரோம் நகரின் குடிநீர் வாரியத்துக்குத் தலைவர் ஆனார். அதன் கால்வாய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. வாசலுக்கு உள்ளே ஹியராபோலிஸின் பெரிய தெரு. ஓரத்தில் பொதுக் கழிப்பறைகூட மிச்சம் இருக்கிறது.

நகரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால்: கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர்கள் உருவாக்கினார்கள். கி.மு. 133இல் கடைசி அரசர் தன் நாட்டையே உயில் எழுதி ரோமுக்குக் கொடுத்தார். கி.பி. 60இல் பெரிய நிலநடுக்கம். நகரம் தரைமட்டமாகி மறுபடி எழுந்தது. நாம் பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய ரோமானிய நகரம். 7ஆம் நூற்றாண்டில் இன்னொரு பெரிய நிலநடுக்கம், 1354இல் மற்றொன்று. அதோடு ஊர் காலி. ஊற்றைக் கொடுத்த அதே பூமிப் பிளவுதான் ஊரை அடித்துச் சாய்த்ததும். 1957 முதல் இத்தாலிய அகழாய்வுக் குழு இங்கே வேலை செய்துவருகிறது.

தெருவிலிருந்து இடப்பக்கம் மேலே ஏறுங்கள். முதலில் நாடக அரங்கம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம். மேடைச் சுவரைத் தூக்கி நிறுத்திச் சீர்செய்திருக்கிறார்கள், அதில் அப்போலோ, ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கத் தெய்வங்களின் கதைகள் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன. உச்சி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்: மேடை, அதற்குப் பின்னால் வெள்ளை விளிம்பு, அதற்கும் பின்னால் லைக்கஸ் பள்ளத்தாக்கு.

அரங்கத்தோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் இருபது நிமிஷம் மேலே ஏறினால் பிலிப்புவின் நினைவாக 5ஆம் நூற்றாண்டில் கட்டிய எண்கோணக் கட்டடம். தமிழ் வேதாகமத்தில் ‘எராப்போலி’ என்று கொலோசெயர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் வருவது இந்த ஊர்தான். இயேசுவின் சீடர் பிலிப்பு இங்கே கொல்லப்பட்டார் என்பது பழைய மரபு. அவருடையது என்று கருதப்படும் கல்லறையை 2011இல் அருகிலேயே ஒரு தேவாலய இடிபாட்டில் பிரான்செஸ்கோ தாந்திரியா தலைமையிலான இத்தாலியக் குழு அடையாளம் கண்டது. ஏறும் வழியில் நிழல் இல்லை, கடை இல்லை, கூட்டமும் இல்லை. மூச்சு வாங்கும்போது உட்கார நிறையக் கல் இருக்கிறது. எபிக்டெட்டஸ் என்ற தத்துவஞானி அடிமையாகப் பிறந்ததும் இந்த ஊரில்தான். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னவர். முழங்கால் வலி எந்தக் கணக்கில் சேரும் என்று நான் அங்கே உட்கார்ந்து யோசித்தேன்.

எமனின் வாசல்

அரங்கத்திலிருந்து கீழே வந்தால் அப்போலோ கோயில் இடிபாடு, அதன் பக்கத்தில் புளூட்டோனியோன். பாதாளக் கடவுளின் வாசல். இதைத் தவறவிடாதீர்கள்.

பார்க்க ஒரு சின்ன வளைவுதான். ஆனால் பூமிப் பிளவிலிருந்து கரியமில வாயு இன்றும் அங்கே கிளம்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர் இங்கே வந்து, உள்ளே குருவிகளை விட்டுப் பார்த்ததாகவும், அவை உடனே விழுந்து செத்ததாகவும் எழுதினார். காளைகளை உள்ளே ஓட்டினால் சுருண்டு விழும். கூட நுழையும் கைபெலே தேவியின் அலிப் பூசாரிகளோ ஒன்றும் ஆகாமல் வெளியே வருவார்கள். சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

2013இல் தாந்திரியா குழு இந்த வாசலைக் கண்டுபிடித்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்டி ஃபான்ஸ் என்ற ஜெர்மானிய உயிரியலாளரும் உடனிருந்தவர்களும் வாயுவை அளந்து புதிரை அவிழ்த்தார்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. இரவில் காற்றும் வெயிலும் இல்லாதபோது தரையோடு குளம்போலத் தேங்கும். விடியற்காலையில் ஏறக்குறைய 40 செ.மீ. உயரம்வரை ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். குனிந்த மூக்கு உள்ள விலங்கு மூச்சுத் திணறுகிறது, நிமிர்ந்து நிற்கும் பூசாரி தப்பிக்கிறார். எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்களின் தொழில் ரகசியம். இப்போது வேலி போட்டிருக்கிறார்கள், நடைபாதையில் நிற்பவருக்கு ஆபத்து இல்லை. வேலியைத் தாண்டிக் குனிந்து படம் எடுக்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள்.

அடுத்து ‘பழங்காலக் குளம்’. நிலநடுக்கத்தில் சாய்ந்த பளிங்குத் தூண்கள் அடியில் கிடக்க, 36 டிகிரி வெந்நீரில் மேலே நீந்தலாம். தனிக் கட்டணம். கிளியோபாட்ரா குளித்த குளம் என்பது விளம்பரம். அவள் செத்து ஏழு நூற்றாண்டுக்கு அப்புறம் விழுந்த தூண்கள் அவை. மாலை நேரத்தில் குளத்தில் தூணைவிட மனிதர்கள் அதிகம் என்பதால், நான் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. உங்களுக்கு ஆசையென்றால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், படிகளுக்கான வெளிச்சம் இங்கே செலவாகிவிடக் கூடாது. பக்கத்தில் அருங்காட்சியகம், பழைய ரோமானியக் குளியல் மண்டபத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். முப்பது நிமிஷம் போதும். புளூட்டோனியோனில் கிடைத்த, பாதாளத்தைக் காக்கும் நாயின் பளிங்குச் சிலை எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

செருப்பைக் கழற்றுங்கள்

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது படிகளின் தலைப்புக்கு வந்துவிடுங்கள். கோயில் வாசலில் விடுவதுபோல விட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். டோக்கன் போட்டுப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி வரப்போவதும் இல்லை. பையில் போட்டுத் தோளில் மாட்டுங்கள்.

கல் வழுக்கும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் வெள்ளையாக, நெளிநெளியாக இருக்கும் இடம் வழுக்காது. அம்மி கொத்தியதுபோலச் சொரசொரவென்று பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுவென்று பச்சை ஓடிய இடம்தான் ஆளைத் தள்ளும். குளங்களின் அடியில் வெண்சேறு இருக்கும், சில இடத்தில் சரளைக்கல் குத்தும். ஆழம் முழங்காலை ஒட்டித்தான். ஓரமாக ஓடும் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்காருவது குளத்தில் நிற்பதைவிடச் சுகம், சூடும் அங்கேதான் அதிகம். நீச்சல் உடையில் வருகிறவர்களும் உண்டு, முழுக்கை சட்டையோடு வருகிறவர்களும் உண்டு. பேன்ட்டை மடித்துவிட்டாலே போதும்.

நடுவில் நின்று இருபுறமும் பாருங்கள். கயிறு கட்டித் தடுத்திருக்கும் பக்கங்களில்தான் அசல் படிகள். அவற்றில் எங்கே தண்ணீர் விட்டிருக்கிறார்களோ அங்கே வானத்தின் நிறம் மாறுவது தெரியும். வெள்ளை முதலில் மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாகி, கடைசியில் நீலச் சாம்பலாகும். அதுவரை இருங்கள். இருட்டுமுன் கிராமத்து வாசலுக்கு இறங்க அரை மணி நேரம் வேண்டும்.

இறங்கியதும் பசிக்கும். மைசூர் பருப்பில் செய்யும் ‘மெர்ஜிமெக்’ சூப், கீரையோ சீஸோ வைத்து மெல்லியதாகச் சுடும் ‘கோஸ்லெமே’, தக்காளி முட்டை ‘மெனெமென்’, நம் மோருக்கு அண்ணனான ‘அய்ரான்’. சைவக்காரர் பட்டினி கிடக்க வேண்டாம். சூப்பில் கறிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அசைவம் என்றால் டெனிஸ்லி நகரிலேயே ஒரு வேளை ஒதுக்கி அந்த ஊர்க் கபாபைச் சாப்பிடுங்கள். அடுப்பில் மெல்ல வெந்த ஆட்டுக்கறி. கையால் தின்பதுதான் அங்கே முறை. நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துண்டு, குளியல் அங்கி வாங்குவதற்கும் டெனிஸ்லிதான் சரியான ஊர். அன்று கம்பளியும் சாயமும் விற்ற பள்ளத்தாக்கு, இன்று பருத்தித் துணியில் பிழைக்கிறது.

மறுநாள்

வண்டி அமர்த்த முடிந்தால் அஃப்ரோடிசியாஸ், ஒன்றரை மணி நேரப் பயணம். 1958இல் ஆரா குலேர் என்ற புகைப்படக்காரர் வழி தவறி கெய்ரே கிராமத்துக்குள் நுழைந்தபோது, சனங்கள் பழைய தூண்களையும் கல்பெட்டிகளையும் அன்றாடப் புழக்கத்தில் வைத்திருந்ததைப் படம் எடுத்தார். 1961இல் கெனான் எரிம் அகழாய்வைத் தொடங்கி, 1990இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, அங்கேயே அடக்கமும் ஆனார். 30,000 பேர் உட்காரும் ஓட்டப்பந்தய அரங்கம் அப்படியே கிடக்கிறது. கூட்டம் பமுக்கலேயில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

வண்டி இல்லையென்றால் லாவோதிசியா, வேதாகமத்தின் லவோதிக்கேயா. டெனிஸ்லி டோல்முஷ் போகும் வழியிலேயே இருக்கிறது. மூட்டையை முதலில் ஓட்டோகாரில் ‘எமானெத்’ என்று எழுதிய அறையில் ஒப்படைத்துவிடுங்கள் (நம்மூர் ‘அமானத்து’தான்), பிறகு பமுக்கலே பக்கமே திரும்பி வரும் டோல்முஷில் ஏறி, “லாவோதிகியா” என்று சொல்லி இறங்குங்கள். சாலையிலிருந்து கொஞ்ச தூரம் நடை. நுழைவுச் சீட்டு தனி.

வெதுவெதுப்பாய் இருப்பதால் வாயிலிருந்து துப்பிவிடுவேன் என்று வெளிப்படுத்தல் புத்தகம் கண்டிப்பது இந்த ஊர்ச் சபையைத்தான். எதிர்மலையில் ஹியராபோலிஸின் வெந்நீர் வெள்ளையாகத் தெரிய, இந்த ஊருக்கோ குடிநீர் தூரத்திலிருந்து குழாயில் வந்தது. தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்: கி.பி. 114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, குழாயை உடைத்தாலோ தண்ணீரைத் திருடினாலோ 5,000 முதல் 12,500 தெனாரியஸ் (ரோமானியக் காசு) வரை அபராதம் என்கிறது. தண்ணீர்க் கோபுரத்தின் பக்கம் போய், சுட்ட மண் குழாய்களின் வாயைப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு வட்டம் வட்டமாகப் படிந்து, கை நுழைந்த துளை இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மலைமேல் உலகமே வந்து பார்க்கும் வெள்ளைப் படியும் இந்த அடைப்பும் ஒரே சுண்ணாம்புதான். பார்த்துவிட்டுச் சாலைக்கு வந்து கை காட்டினால் ஓட்டோகாருக்கு டோல்முஷ் நிற்கும்.